கிடாரத்தோடு விம்பிள்டனுக்கு

போன வருடம் கோடையில் ஒரு சனிக்கிழமை காலை நடந்த கதை இது. கிழக்கு லண்டனில் மனோர் பார்க்கிலிருக்கும் எங்கள் வீட்டு வாசலில் புறப்பட்டு, விம்பிள்டனில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் நடந்தது. காரில் போகிறவர்களுக்கு அது ஒரு பெரிய பயணமே இல்லை. ஆனால் அன்றைக்கு நாங்கள் போனது காரில் இல்லை, எங்கள் வீட்டு வானில். அதை ஓட்டியது நான்.

வீட்டு வான் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, சின்னதொரு ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் வைத்த நீளமான வெள்ளை வான் வண்டி. இந்த நாட்டு ஆட்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இப்படி ஒன்றை வாங்கிக்கொண்டு கடற்கரை, மலையடிவாரம் என்று திரிவார்கள். நாங்களும் ஓய்வு பெற்றதும் ஒன்று வாங்கினோம், பழையதுதான். வாங்கிய அன்றே எங்கள் சொந்தக்காரர்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். தலைகீழாக நின்று உழைத்து வீடு வாங்கியவர்களுக்கு இப்போது தெருவில் படுக்க ஆசை வந்திருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரேயே சொன்னார்.

ஏன் வாங்கினோம் என்று அவர்களுக்கு விளங்காது. என் கணவர் லண்டனில் பஸ் ஓட்டினார். நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தேன். இருந்த ஒரே பிள்ளையை வெளியாரிடம் விடக்கூடாது என்பதற்காக அவருக்குக் காலை ஷிப்ட் என்றால் எனக்கு மாலை ஷிப்ட். ஒருவர் உள்ளே வர மற்றவர் வெளியே போவோம். வாசலில் நின்று, சோறு இருக்கிறது, பிள்ளைக்கு மூக்கடைப்பு, கரண்ட் பில் கட்டியாயிற்று என்று இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம். கல்யாணம் கட்டிய காலம் முழுக்க இதுதான் எங்கள் குடும்ப வாழ்க்கை. பிள்ளை படித்து வேலைக்குப் போய்க் கல்யாணமும் முடித்துவிட்டான். அதுவரைக்கும் நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்திருப்போமா என்றே எனக்குச் சந்தேகம்.

வான் வந்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில் சாப்பிட்டோம். வேல்ஸ் பக்கம் ஒரு கடற்கரையில், கூரையில் மழை கொட்ட, புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டு மனிதர் பஸ் கதைகள் சொல்லத் தொடங்கினார். இத்தனை வருடமும் எனக்குச் சொல்லாத கதைகள். இவர் இவ்வளவு சிரிப்பு மூட்டுகிற ஆளா என்று நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. லெஸ்டரில் என் தங்கை, கொவன்ட்ரியில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன், கிளாஸ்கோவில் ஒரு மச்சாள் என்று எல்லாரையும் தேடிப் போனோம். வீட்டு வாசலில் வானை நிறுத்துவோம், அவர்களோடு சமைத்துச் சாப்பிடுவோம், படுக்க மட்டும் எங்கள் வானுக்குப் போய்விடுவோம். அங்கேதான் பிரச்சினை. எங்கள் ஆட்களிடம் விருந்தாளி வெளியே படுப்பது பெரிய அவமானம். அந்த மச்சாள் ஒருமுறை வானின் கதவைப் பிடித்துக்கொண்டு அழாத குறையாகக் கேட்டாள்.

"வீட்டில மூண்டு அறை கிடக்க றோட்டில படுக்கிறியளே, நாங்கள் என்ன பிறத்தியாரோ?"

எனக்கு எங்கள் கட்டிலில்தான் நித்திரை வரும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் நம்பவில்லை. கடைசியில் அது ஒரு கதையாகக் கிளம்பிவிட்டது. கோயிலில் ஒரு பெரியவர் என் மகனைக் கூப்பிட்டு, அப்பா அம்மாவை வீட்டில் வைத்திருக்கவில்லையோ, வானுக்குள்தான் சீவிக்கிறார்களாமே என்று கேட்டிருக்கிறார். மகன் சிவந்த முகத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து நின்றான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, போடா என்று நான் சிரித்துவிட்டேன். ஆனால் அவனுக்கு அது உள்ளே தைத்துவிட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எங்களைக் குறை சொன்ன அதே சனம் அந்த வானைச் சாமான் வண்டியாகவும் ஆக்கிக்கொண்டது. லெஸ்டர் தங்கை இடித்த மிளகாய்த்தூள் கிளாஸ்கோவுக்கு, கிளாஸ்கோ மச்சாளின் பழைய தொட்டில் கொவன்ட்ரிக்கு, அங்கேயிருந்து மாம்பழப் பெட்டி லண்டனுக்கு. வெறுங்கையோடு போகவும் கூடாது, வெறுங்கையோடு அனுப்பவும் கூடாதே! எல்லாவற்றிலும் பெரிய சாமான் ஒரு கிடாரம். ஐம்பது அறுபது பேருக்குச் சோறு ஆக்கும் பெரிய அலுமினியப் பாத்திரம். யார் வீட்டில் விசேஷம் என்றாலும் அது அங்கே போக வேண்டும். வானின் கதவுக்குள் அது நுழையாது. அதனால் கூரையில் இருக்கும் கம்பிச் சட்டத்தில் கவிழ்த்துவைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டு போவோம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அவருடைய கண் மோசமாகியது. கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பக்கப் பார்வை போய்விட்டது. நேரே இருப்பது தெரியும், இடமும் வலமும் தெரியாது. இனி வாகனம் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாழ்நாள் முழுக்க லண்டன் தெருக்களில் பஸ் ஓட்டிய மனிதர் லைசன்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டு, முன்னறை நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வாசலில் நின்ற வானைப் பார்க்கக்கூட வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் சாப்பிடுவார், அவ்வளவுதான். மறுபடியும் வாசலில் இரண்டு வார்த்தை பேசுகிற காலத்துக்கே நாங்கள் திரும்பிப் போகிறோம் என்று பயந்தேன்.

மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். எல்லாவற்றையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்தான். வானை விற்றுவிடலாம், வாங்க ஆள் இருக்கிறது. தன் வீட்டின் பின்பக்கத்தில் எங்களுக்கு ஓர் அறை கட்டித் தருகிறான். பேத்தியைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். அவன் கெட்ட பிள்ளை இல்லை, எங்கள்மேல் உயிர். ஆனால் எங்கள் வாழ்க்கையை எங்களுக்கு முன்னாலேயே மடித்துப் பெட்டிக்குள் வைப்பதுபோல் அவன் பேசப் பேச எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வானை நான் ஓடுறன்," என்றேன்.

அவன் சிரித்தான். கேலியாக இல்லை, சின்னப் பிள்ளை ஏதோ சொன்னால் சிரிப்போமே, அப்படி. நான் எத்தனையோ வருடம் ஒரு குட்டிக் காரில் வேலைக்குப் போய் வந்தவள். விடியற்காலைப் பனியிலும் போயிருக்கிறேன். எங்கள் வான் பெரிதாகத் தெரிந்தாலும் சாதாரண கார் லைசன்ஸே அதற்குப் போதும். இதையெல்லாம் சொன்னேன். அவன் அப்பாவைப் பார்த்தான். அவர் என் பக்கம் ஒரு வார்த்தை பேசுவார் என்று நானும் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சிரித்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அடியாக இருந்தது.

பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, அடுத்த மாதம் பல்லுக்கொழுக்கட்டை வைக்கிறோம், சொந்தக்காரர் எல்லாரும் வருகிறார்கள், வான் வாங்குகிறவர்களையும் அன்றைக்கே வரச் சொல்கிறேன், முதல்நாள் நான் வந்து வானை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் போனான்.

சரி, விட்டேனா பார் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் விடியவே அவரை எழுப்பினேன். கடைகள் திறக்குமுன் ஒரு பெரிய கடைத்தொகுதியின் கார் பார்க்கில் ஈ காக்கை இருக்காது. எனக்கு ஓட்டப் பழக்குங்கள் என்று அவரைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதினால் எங்கள் மானம் போகும். நான் பிரேக் பிடிக்குமுன் அவர் தன் காலுக்குக் கீழே இல்லாத பிரேக்கைப் பிடிப்பார். கண்ணாடியைப் பார், திருப்பினால் வானின் வால் வெளியே எறியும், இன்னும் முன்னுக்குப் போய்த் திருப்பு என்று பஸ் டிப்போவில் புதுப் பையனுக்குச் சொல்வதுபோல் சொல்வார். நான் வானை நடுவிலேயே நிறுத்திவிட்டுக் கத்துவேன். ஒருநாள் கோபத்தில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டேன். பாதி வழியில்தான், வானையும் மனிதரையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தது ஞாபகம் வந்து திரும்பி ஓடினேன். ஆனால் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார், பாருங்கள். அது எனக்குப் போதும். ஆனாலும் மகனுக்குத் தெரியவேண்டாம் என்றார். நான் ஓட்டிக் காட்டுவேன் என்ற நம்பிக்கை அவருக்கும் வரவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் மகனுக்குப் போன் பண்ணி, உனக்கு வீட்டில் ஆயிரம் வேலை இருக்கும், வானை நாங்களே கொண்டுவருகிறோம் என்றேன். பக்கத்துத் தெருவில் யாரையாவது ஓட்டச் சொல்லிக் கேட்டிருப்போம் என்று அவன் நினைத்துக்கொண்டான். நானும் அப்படியில்லை என்று சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை அவர் ஏணியைப் பிடிக்க, நான் கூரையில் ஏறிக் கிடாரத்தைக் கவிழ்த்துக் கட்டினேன். விசேஷத்துக்குக் கட்டும் சேலையை உள்ளே கொக்கியில் கொழுவிவிட்டு, காற்சட்டையோடு ஓட்டுநர் இருக்கையில் ஏறினேன். தேம்ஸ் ஆற்றுக்குக் கீழே போகும் சுரங்கப்பாதையில் நுழைந்தபோது என் உள்ளங்கை நனைந்துபோயிருந்தது. வெளியே வந்ததும் எனக்குள் ஒரு துள்ளல் வந்துவிட்டது. கூரையில் கிடாரம் இடைக்கிடை டொங் டொங் என்றது. ஆறு தாண்டியாயிற்று, இனி என்ன என்று நினைத்தேன்.

தென் லண்டனில் ஓரிடத்தில் வீதியைக் கிண்டிப் போட்டிருந்தார்கள். மாற்று வழி என்று மஞ்சள் பலகை காட்டிய பக்கம் திரும்பினேன். போனில் இருந்த வரைபடமோ நான் கார் ஓட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு வேறொரு சின்னத் தெருவுக்குள் போகச் சொன்னது. நானும் போனேன். இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும் ஒடுங்கிய தெரு. ஒரு வளைவு திரும்பியதும் எதிரே ரயில் பாலம், செங்கல்லால் கட்டிய பதிவான, உயரம் குறைந்த பாலம். அதன் நெற்றியில் சிவப்பு வட்டத்துக்குள் உயரம் எழுதியிருந்தது. பிரேக்கை மிதித்தேன்.

எனக்குப் பின்னால் ஏற்கனவே ஐந்தாறு கார்கள் சேர்ந்துவிட்டன. ஹோர்ன் சத்தம் தொடங்கியது. என்னத்துக்கு நிறுத்தினீர் என்று, இடப்பக்கக் கார்களையே பார்த்துக்கொண்டிருந்த அவர் கேட்டார். பாலம் என்றேன். பலகையில் எவ்வளவு என்று கேட்டார், பத்தடி என்றேன். அவர் யோசிக்கவே இல்லை.

"எங்கட வான் ஒன்பதரை. போகும், வானை விடும்."

பாலங்களைப் பற்றி அவர் சொன்னால் அது வேதவாக்கு. அத்தனை வருடம் பஸ் ஓட்டி ஒரு பாலத்தில் ஒரு கீறல் போடாதவர். பின்னாலிருந்து ஹோர்ன் காதைக் கிழித்தது. நான் பிரேக்கை விட்டேன். வான் மெல்ல உருண்டது. பாலத்தின் நிழல் கண்ணாடியில் விழுந்த நேரம் கூரையில் கிடாரம் அசைந்து டொங் என்றது.

என் இரண்டு காலும் பிரேக்கில் ஏறிவிட்டன. "கிடாரம்!" என்று கத்தினேன்.

வான் ஒன்பதரை அடிதான். கூரையில் கவிழ்த்திருந்த கிடாரம் இரண்டடிக்குக் குறையாது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அது பாலத்தில் மாட்டி, கம்பிச் சட்டத்தோடு கூரையையும் சேர்த்துப் பிய்த்திருக்கும். மேலே போகும் ரயிலுக்கு என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு நடுங்குகிறது. அவருடைய முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. ஏணியைப் பிடித்தவரே அவர்தான். வானுடைய உயரம் மட்டும் மனதில் அப்படியே பதிந்திருந்ததால், மேலே ஏற்றியது மறந்துவிட்டது.

கிடாரத்தை அங்கேயே இறக்கலாம் என்றால் இறக்கி எங்கே வைப்பது? கதவுக்குள் நுழையாது. நடுத்தெருவில் வைத்துவிட்டுப் போக முடியுமா? பின்னுக்கு எடுப்பதைத் தவிர வழியில்லை. வளைவில், இரண்டு பக்கமும் நிற்கும் கார்களுக்கு நடுவே, இவ்வளவு நீள வானைப் பின்னுக்கு எடுக்க வேண்டும்.

அதற்குள் பின் காரிலிருந்த ஒருவர் இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார். முன்னுக்குப் போனால் போகும் என்றார். கூரையைக் காட்டினேன். மேலே பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். பிறகு, நீங்கள் இறங்குங்கள் அம்மணி, நான் பெரிய லொறியெல்லாம் ஓட்டியவன், ஒரு நிமிடத்தில் எடுத்துத் தருகிறேன் என்று கதவின் பிடியில் கைவைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அவசரம்தான். என் கணவர் தமிழில், மெல்லிய குரலில் சொன்னார்.

"அவரிட்டைக் குடுமப்பா. அவர் எடுத்துவிடட்டும்."

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் இறங்கி ஓடிவிடத்தான் மனம் சொன்னது. ஆனால் இந்த இருக்கையை விட்டு நான் இப்போது இறங்கினால், விம்பிள்டனில் மகன் வானை விற்கவே தேவையில்லை, இந்தத் தெருவிலேயே நான் விற்றதாகிவிடும் என்று தெரிந்தது. நாற்காலியும் முன்னறையும் கண்முன்னே வந்தன. கதவை உள்ளே பூட்டினேன். மிக்க நன்றி, நான்தான் ஓட்டுகிறேன், முதலில் உங்கள் காரைப் பின்னுக்கு எடுங்கள், அது பெரிய உதவி என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் நடுங்கினாலும் சொல்லி முடித்துவிட்டேன். அவர் கையை விரித்துக்கொண்டு போனார். ஹோர்ன் இன்னும் கூடியது. யாரோ வயதைச் சொல்லித் திட்டினார்கள்.

அப்போதுதான் நடைபாதையில் கீழே சில்லு உருளும் கடைப்பையை இழுத்துக்கொண்டு வந்த கரீபியன் அம்மா ஒருத்தி நின்றாள். என்னைவிட மூத்தவள். கூரையைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்குக் கிட்ட வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: உன்னால் முடியுமா?

இத்தனை நாளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. முடியாது என்று சொன்னவர்கள் உண்டு, சிரித்தவர்கள் உண்டு. கேள்வியாகக் கேட்டது அவள்தான். முடியும், ஆனால் மெதுவாகத்தான் முடியும் என்றேன். அப்படியென்றால் மெதுவாகவே எடு, அவர்கள் காத்திருப்பார்கள் என்றாள்.

பையை நடைபாதையில் வைத்துவிட்டு நடுத்தெருவுக்குப் போய்க் கையைத் தூக்கினாள் பாருங்கள்! பள்ளிக்கூட வாசலில் வட்டப் பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலை பார்த்தவளாம், பிறகு சொன்னாள். அந்தக் கைக்கு முன்னால் ஹோர்ன் எல்லாம் அடங்கிவிட்டது. கடைசிக் காரிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னுக்கு அனுப்பினாள். லொறி ஓட்டியவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார். தெரு திறந்தது. அவள் என் கண்ணாடியில் தெரியும்படி நின்றுகொண்டு கையை அசைத்தாள்.

நான் கியரைப் போட்டேன். பக்கத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இல்லாத பிரேக்கைத் தேடிய காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அவசரப்படாதையும். உம்மட பாட்டுக்கு எடும்," என்றார்.

எடுத்தேன். முழம் முழமாக எடுத்தேன். வளைவில் ஒரு குப்பைத்தொட்டியைத் தட்டி விழுத்தினேன், பக்கக் கண்ணாடியில் ஒரு கீறலும் விழுந்தது. ஒருமுறை தப்பாகத் திருப்பி, மறுபடி முன்னுக்கு வந்து, மறுபடி பின்னுக்குப் போனேன். ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை, அவள் அடிக்க விடவில்லை. முன்பு வந்த தெருவுக்குத் திரும்பி ஓரமாக நிறுத்தியபோது என் சட்டை முதுகில் ஒட்டிக்கிடந்தது. இறங்கி அவள் கையைப் பிடித்தேன். எங்கள் வழக்கம் விடுமா? விசேஷத்துக்குக் கொண்டுபோன பயத்தம் பணியாரத்தில் ஒரு டப்பாவை அவள் பையில் வைத்தேன். அவள் அதைத் திறந்து மணந்து பார்த்து, நன்றாயிருக்கிறது டிரைவர் என்று சொல்லிவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் பேரைக்கூட நான் கேட்கவில்லை.

பெரிய தெருக்களாகவே பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது, விம்பிள்டனில் எல்லாரும் வாசலிலேயே நின்றார்கள். லெஸ்டர் தங்கை, கொவன்ட்ரி அண்ணன் குடும்பம், மருமகளின் ஆட்கள், வான் வாங்க வந்த மலேசியத் தமிழ்த் தம்பதி, எல்லாரும். மகன் ஓட்டுநர் ஜன்னலைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு வந்தான். என்னைக் கண்டதும் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அவர்கள் எல்லாருக்கும் முன்னால் வானை இரண்டு கார்களுக்கு நடுவே பின்பக்கமாகவே கொண்டுபோய் நிறுத்தினேன். கொஞ்சம் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன், மறைக்கவில்லை.

பேத்தியை இருத்தி, தலையில் வெள்ளைத் துணி பிடித்து, அதன்மேல் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். அவள் ஒரு கொழுக்கட்டையைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்தாள். எல்லாரும் சாப்பிட்டு முடிந்ததும் மகன் அந்தத் தம்பதியைக் கூட்டிக்கொண்டு வானுக்கு வந்தான். நல்ல மனிதர்கள். அந்தப் பெண் அடுப்பைத் தொட்டுப் பார்த்து, கட்டிலில் உட்கார்ந்து பார்த்து ஆசைப்பட்டாள். நீங்களா இவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்தீங்க அக்கா என்று என்னிடம் இரண்டு முறை கேட்டாள். மகன் பக்கக் கண்ணாடியின் கீறலைக் கண்டுவிட்டான். தங்கை மூலம் பாலத்துக் கதையும் அதற்குள் அவன் காதுக்குப் போயிருந்தது. நான்தான் பெருமைக்கு அவளிடம் சொல்லிவிட்டேன், என் வாய் அப்படி.

அவன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அப்பாவிடம் திரும்பி, பார்த்தீர்களா, இதற்குத்தான் சொன்னேன், இன்றைக்கே பேசி முடித்துவிடுவோம் என்றான். சொந்தக்காரர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். அவர் முன்போலவே தரையைப் பார்ப்பார் என்றுதான் நினைத்தேன்.

அவர் தரையைப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கத்துக்கு முகத்தை முழுதாகத் திருப்பி மகனைப் பார்த்தார்.

"தம்பி, நான் பாலத்துக்குள்ள விடும் எண்டு சொன்னனான். அம்மாதான் நிப்பாட்டினவ. இப்ப வான் ஓடுறது அம்மா. கேக்கிறதெண்டால் அவவைத்தான் நீ கேக்கவேணும்."

அத்தனை பேருக்கும் முன்னால், பஸ் டிரைவராய் வாழ்ந்த மனிதர், தன் பிழையைத் தானே சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. மகன் என்னைப் பார்த்தான். அவனுடைய கண்ணும் கலங்கித்தான் இருந்தது. கோயிலில் கேட்டது, ஊர் சொன்னது எல்லாம் அந்த முகத்தில் இல்லை. சின்ன வயதில் நாங்கள் ஷிப்டுக்குப் போகும்போது வாசலில் நிற்பானே, அதே முகம்.

"எனக்குப் பயமாக் கிடக்கம்மா," என்றான்.

"எனக்கும் பயம்தான், ராசா. பயந்துகொண்டுதான் இஞ்ச வரைக்கும் ஓடிவந்தனான். நீயும் பயந்துகொண்டே இரு. நாங்கள் போயிட்டு வாறம்."

யாரோ சிரித்தார்கள், என் தங்கையாகத்தான் இருக்கும். அந்த மலேசிய அம்மா வானிலிருந்து இறங்கி, மன்னிச்சுக்குங்க அக்கா, விக்கிறீங்கன்னு சொன்னாங்க என்றாள். அவர்களுக்கும் ஒரு நல்ல வான் தேடித் தருவதாகச் சொல்லி அனுப்பினோம். மகன் ஒரு கிழமை முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த கிழமை உயரமான வாகனங்களுக்கு வழி சொல்லும் கருவி ஒன்று வாங்கிக்கொண்டு வந்து, தானே வானில் பூட்டித் தந்தான். அதில் முதலில் கேட்டது வானின் உயரம்தான். அப்பா கீழே அளவு நாடாவைப் பிடிக்க, அவன் கூரையில் ஏறி அளந்தான்.

அதற்குப் பிறகு கிளாஸ்கோ வரைக்கும் ஓட்டிப் போய் வந்துவிட்டேன். மச்சாள் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறாள், நாங்கள் இன்னும் வானில்தான் படுக்கிறோம். அவர் பக்கத்தில் இருந்து பஸ் கதைகள் சொல்கிறார், சொன்னதையே திருப்பியும் சொல்கிறார். என் கண்ணும் ஒருநாள் மங்கலாம், கையும் நடுங்கலாம். அன்றைக்கு நானே ஓரமாக நிறுத்தி இறங்கிவிடுவேன், அந்த அறிவு எனக்கு இருக்கிறது. ஆனால் அந்த நாள் எது என்று எனக்குச் சொல்ல வேண்டியது நான்தான், பின்னால் நின்று ஹோர்ன் அடிப்பவர்கள் இல்லை.